நாலு பேருக்கான கார்டு

— திட்டிடுங்க அத்தே. வீட்டுக்குப் போனா உங்க பொண்ணு சௌம்யா திட்டத்தான் போறா. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு ரவுண்டு திட்டிட்டா எனக்கும் பழகிக்கும்.

— எதுக்கு மாப்பிள்ளை திட்டணும்? கார்டு நனையக் கூடாது, கிழியக் கூடாதுன்னுதானே செஞ்சீங்க.

— நனையாது. கிழியாது. தெறக்கவும் தெறக்காது. சிலோன்லருந்து நீங்க கொண்டாந்த ஒரே காகிதம். அம்பத்தோரு வருஷம் உங்க டிரங்குப் பெட்டியில பத்திரமா இருந்துச்சு. என் கையில ஒரே ஒரு சாயங்காலம் இருந்துச்சு, மடிச்ச வாக்குலயே லேமினேஷன் பண்ணிட்டேன். பேரெல்லாம் உள்பக்கம். வெளியில தெரியறது உங்கப்பா பேரும் ஒரு சீலும்தான்.

— உத்தமன் சார், ஒந்து மாத்து, ஒரே ஒரு வார்த்தை. அம்மா முன்னாடி தெளிவா சொல்லிடுங்க, அதைச் செஞ்சது இந்தக் கோவிந்தப்பா இல்ல. நேத்து வியாழக்கிழமை, சர்ச்சுல கூட்டம். வியாழக்கிழமை ஆனா என் ஜெராக்ஸ் கடையில ஜெராக்ஸைவிட மெழுகுவத்திதான் ஓடும். 'ஸ்வல்ப இருங்க, நானே போட்டுத் தரேன்'னு சொன்னேனா, இல்லையா?

— சொன்னீங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'ஐ.டி. சப்போர்ட்ல முந்நூறு கம்ப்யூட்டர் என்னை நம்பி இருக்கு, ஒரு லேமினேஷன் மெஷின் எனக்குத் தெரியாதா'ன்னு சொன்னேன். போதுமா? இப்ப பிளேடை எடுங்க கோவிந்தப்பா. பதினொன்றரைக்கு பாஸ்போர்ட் ஆபீஸ்ல டைம் குடுத்திருக்கான்.

— இருக்கட்டும் மாப்பிள்ளை. மூடியே இருக்கட்டும். ஆதார் இருக்கு, ஓட்டர் கார்டு இருக்கு. அது போதாதா?

— போதாது அத்தே. நீங்க பொறந்தது சிலோன். எப்படி இந்தியாக்காரி ஆனீங்கன்னு கேப்பான். அதுக்குப் பதில் இந்தப் பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கு. நான் பதிலுக்கே சமாதி கட்டி வச்சிருக்கேன்.

— மூணு பக்கம் ஓரத்தை அறுத்தா புக் மாதிரி தெறந்துக்கும் சார், உள்பக்கம் பசை போகாது. ஆனா நோடி, பாருங்க, இங்கயும் இங்கயும் ஓரத்துல பேப்பர் பிஞ்சு போயிருக்கு. அங்க ரெண்டு பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கிச்சு. அந்த எடத்துல பிளேடு வழுக்கினா எழுத்தும் போயிடும். நிதானமா செய்யணும். நீங்க தொடக் கூடாது.

— தொடல. கையைக் கட்டிக்கிட்டேன். பாருங்க.

— அம்மா, நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நிமகே எஷ்டு வயசு?

— அதைத்தான் கோவிந்தப்பா நானும் பன்னெண்டு வருஷமா கேக்கறேன். கார்டுக் கணக்குப்படி அறுபத்தஞ்சு. பாத்தா அப்படியா இருக்காங்க? மூணு மாடி ஏறி வந்து எனக்குத்தான் தண்ணி குடுக்கறாங்க. என்னையும் இவங்களையும் ஒண்ணா பாக்கறவங்க 'உங்க அக்காவா'ங்கறாங்க. அத்தே, ரகசியம் என்ன? இன்னைக்காவது சொல்லுங்க.

— ரப்பர் பால்.

— இதோ. எப்பக் கேட்டாலும் இதே பதில். சுள்ளியா ரப்பர் தோட்டத்துல முப்பத்தேழு வருஷம் மரம் சீவினதால வயசு ஏறலையாம். ரிட்டயர் ஆனப்புறமும் சும்மா இருந்தாங்களா? பக்கத்துத் தோட்டத்துல அஞ்சு வருஷம் சீவிட்டுத்தான் பெங்களூர் வந்தாங்க.

— சுள்ளியாவா! ஹாகாதரே கன்னட பருத்தா அம்மா?

— பருத்தே அண்ணா. துளுவும் வரும். நாங்க போன புதுசுல அங்க ஒருத்தர் பேசறதும் புரியாது. மழை வேற, ஆறு மாசம் விடாம கொட்டும். பக்கத்து வீட்டு லட்சுமம்மா ஒரு கட்டு காஞ்ச வெறகைத் தலையில வச்சுக்கிட்டு வந்து, ஒண்ணுமே பேசாம எங்க அடுப்புக்கிட்ட எறக்கிட்டுப் போச்சு. அந்த ஊருல எங்களுக்கு மொதல்ல குடுத்தது அதுதான். இன்னைக்கும் மழை பேஞ்சா அந்த மனுசியை நெனைச்சுக்குவேன்.

— அய்யோ பாவ. சிலோன்ல சண்டைன்னு ஓடி வந்தீங்களா?

— இல்ல கோவிந்தப்பா. சண்டைக்கு முன்னாடியே. இவங்க ஓடி வந்தவங்க இல்ல, அனுப்பி வச்சவங்க. நான் சொல்றேன், நீங்க அறுத்துக்கிட்டே கேளுங்க. வெள்ளைக்காரன் நம்ம ஊர்ப் பக்கத்துலருந்து ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் அங்க மலையில காப்பி போட்டான், அப்புறம் தேயிலை போட்டான். நாலஞ்சு தலைமுறை அங்கயே பொறந்து அங்கயே செத்துச்சு. அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்துச்சு. வந்த அதே வருஷம் ஒரு சட்டம் போட்டு, 'நீங்கள்லாம் எங்க ஆளு இல்ல'ன்னுட்டாங்க. நம்ம நாடு, 'எங்க ஆளுன்னும் சொல்ல முடியாது, விண்ணப்பம் போடட்டும், பாக்கலாம்'னு சொல்லிச்சு.

— ஹாகாதரே, அப்ப யாரோட ஆளு?

— அதான் கேள்வி. பதினாறு வருஷம் யாரும் பதில் சொல்லல. அறுபத்து நாலுல ரெண்டு நாட்டுத் தலைவருங்களும் உக்காந்து ஒப்பந்தம் போட்டாங்க. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் அங்கயே, மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு. பத்து வருஷம் கழிச்சு அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. எங்க ஊர்ல அண்ணன் தம்பி ஆட்டைப் பங்கு பிரிக்கறப்பகூட எந்த ஆட்டுக்கு எது குட்டின்னு பாப்பாங்க.

— உங்களை யாரும் கேக்கலியா அம்மா?

— படிவம் குடுத்தாங்க. எந்த நாடுன்னு கேட்டு ஒரு கட்டம் இருந்துச்சாம். எங்கப்பா கங்காணியைக் கேட்டாரு, கங்காணி தொரையைக் கேட்டாரு, தொரை, 'எனக்கே தெரியலப்பா, நானும் ஊருக்குப் போறேன்'னாராம்.

— பாத்தீங்களா கோவிந்தப்பா? நான் இரண்டாயிரத்து எட்டுல குடியாத்தத்துலருந்து பாசஞ்சர் ரயில்ல ஒரு பையோட வந்தேன். வழியில டீ வித்தவன்கூட 'எங்க போற, எதுக்குப் போற'ன்னு கேக்கல. எனக்கெல்லாம் ஒரு கார்டு கேட்டிருக்கணும். கேட்டிருந்தா உங்க மெஷின் தப்பிச்சிருக்கும்.

— நம்ம அப்பாவும் மாலூருலருந்து சைக்கிள்ல வந்தவரு. யாரு கேட்டா? சரி, ஒரு பக்கம் முடிஞ்சுது. சாமி, தேவரு காப்பாத்தினாரு. அம்மா, நீங்க எந்த வருஷம் வந்தீங்க?

— எழுவத்து நாலு. அட்டன்லருந்து ராத்திரி ரயிலு, தலைமன்னார்ல கப்பலு, ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்பு. கேம்புல எழுதி எழுதி, 'கர்நாடகாவுல ரப்பர் மரம் வைக்கறாங்க, போறீங்களா'ன்னாங்க. எங்கப்பா ரப்பர் செருப்புகூடப் போட்டதில்ல. சரின்னுட்டாரு.

— குடும்பம் மொத்தமுமா?

— மொத்தமும் இல்ல அண்ணா.

— அதுதான் விஷயம் கோவிந்தப்பா. வீட்டுல அஞ்சு பேர். கார்டுல நாலு பேர். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதறப்ப ஒரு பொண்ணு பேரை விட்டுட்டாரு. இவங்க அக்கா, மகா பெரியம்மா. பாவம், பேர் இல்லாததால அவங்க மட்டும் அங்கயே நின்னுட்டாங்க. இன்னிக்கும் அட்டன் பக்கத்துலதான் இருக்காங்க. எழுவத்து நாலுக்கு அப்புறம் அக்காவும் தங்கச்சியும் நேர்ல பாத்துக்கிட்டதே இல்ல. இப்ப அவங்களுக்குக் கண்ணு மங்கிட்டு வருது, சுகர். தீபாவளி தாண்டினா சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. 'முழுசா போறதுக்குள்ள உன் மூஞ்சியைப் பாத்துடணும், வா'ன்னு வீடியோல கூப்பிட்டாங்க. அதுக்குத்தான் இந்தப் பாஸ்போர்ட். அதுக்குத்தான் இந்தக் கார்டு. அதுல கை வச்சவன்தான் இந்த உத்தமன். பேரைப் பாருங்க, உத்தமனாம்.

— அடுத்த கப்பல்ல அவங்க வந்திருக்கலாமே?

— வரதாத்தான் பேச்சு. மனு மேல மனு போட்டாரு எங்கப்பா. எண்பத்து நாலுல கப்பலே நின்னு போச்சு. அங்கயும் அவளுக்கு ஒண்ணும் இல்ல அண்ணா. இருபத்தொன்பது வருசம் எந்த நாட்டுக்காரியும் இல்லாம கொழுந்து எடுத்தா. ரெண்டாயிரத்து மூணுல சட்டம் மாத்தினப்பதான், 'நீ எங்க ஆளு'ன்னு ஒரு சீட்டு குடுத்தாங்க. அன்னைக்குப் போன் பண்ணி அழுதா. அந்தச் சட்டம் போட்டவங்க நல்லா இருக்கணும், யாரா இருந்தாலும்.

— அத்தே, இது எனக்குப் புரியவே மாட்டேங்குது. யாரைப் பத்திச் சொன்னாலும் கடைசியில 'நல்லா இருக்கணும்'னு முடிக்கறீங்க. கணக்கப்பிள்ளை பேரை விட்டான். ரெண்டு நாடும் உங்களை எடை போட்டுப் பிரிச்சுது. மருமகன் கார்டுக்குப் பிளாஸ்டிக் போட்டுட்டான். ஒருத்தர் மேலயாவது கோவம் வராதா?

— வரும். மழை நாள்ல துணி காயலேன்னா வரும்.

— கோவிந்தப்பா, இவங்க இப்படித்தான். எனக்கு நடுவுல வேலை போச்சு பாருங்க, எட்டு மாசம் வீட்டுல கிடந்தேன். எங்கம்மா தினம் போன் பண்ணி 'கிடைச்சுதா'ன்னு கேப்பாங்க. ஹவுஸ் ஓனர் கேட்டாரு. மாவு மில்லுக்காரன்கூடக் கேட்டான். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு நாள்கூட அதைக் கேக்காதது இவங்க மட்டும்தான். காலையில நான் தலை சீவிட்டு எங்கயோ போற மாதிரி கிளம்புவேன். அகரம் ஏரிக்கரையில உக்காந்துட்டு வருவேன்னு இவங்களுக்குத் தெரியும். டிபன் பாக்ஸ் கட்டிக் குடுப்பாங்க. ரெண்டு ஸ்பூன் போட்டு.

— ரெண்டு எதுக்கு?

— அதைத்தான் நானும் கேட்டேன். 'யாராச்சும் உங்க மாதிரியே உக்காந்திருந்தா குடுங்க'ன்னாங்க. அதனாலதான் சொல்றேன், இந்த அம்மா அக்காவைப் பாக்கப் போறது என்னால நின்னுதுன்னா, நான் இந்த மெஷினுக்குள்ள தலையை விட்டு லேமினேட் ஆயிடுவேன்.

— சும்மா இருங்க மாப்பிள்ளை. கேக்காம இருக்கறது ஒரு பெரிய காரியமா? என்னையும் ஒருத்தர் கேக்காம விட்டாரு. அதை நான் இங்க ஒருத்தருக்குக் குடுத்தேன், அவ்வளவுதான்.

— யாரு அத்தே?

— தலைமன்னார்ல, கப்பல் ஏத்தின ஆபீசர். இருக்கட்டும்.

— இந்த 'இருக்கட்டும்'முக்குள்ள என்னென்ன இருக்குன்னு பாக்கறதுக்கு ஒரு பிளேடு வேணும். கோவிந்தப்பா, எங்க வரைக்கும்?

— பேசாதீங்க சார். ஒட்டின எடத்துக்கு வந்திருக்கேன். மூச்சுகூட விடாதீங்க.

— விடல. வாயைப் பொத்திக்கிட்டேன்.

— அம்மா, நீங்க ஏன் கண்ணை மூடிக்கிட்டீங்க? பயப்படாதீங்க. நான் முப்பது வருஷமா இதே வேலை. மார்க் கார்டு, கல்யாணப் பத்திரம், எல்லாம் அறுத்திருக்கேன்.

— பயம் இல்ல அண்ணா. தெறக்கத்தான் வேணுமான்னு பாக்கறேன்.

— தெறந்துச்சு! நோடி சார், தெறந்துச்சு! ஒரு எழுத்து போகல. ஓரத்துல நூல் மாதிரி ஒரு கீத்து, அவ்வளவுதான்.

— கோவிந்தப்பா! உங்க கையைக் காட்டுங்க, கும்பிட்டுக்கறேன். இனிமே உங்க கடையில ஒரு சுவிட்சைக்கூடத் தொட மாட்டேன். அத்தே, பாருங்க, புதுசு மாதிரி இருக்கு. டைப் அடிச்சிருக்கான். படிக்கட்டுமா? குடும்பத் தலைவர் முத்துக்கருப்பன், வயசு நாற்பத்தொண்ணு. மனைவி அஞ்சலை, முப்பத்து மூணு. மகள் ஜெயலட்சுமி, அது நீங்க, பதினாலு. மகன் சின்னச்சாமி, மூணு. மொத்தம் நாலு பேர். ஆமா, பெரியம்மா பேரே இல்ல. விட்டுத்தான் போயிருக்கு.

— ம்.

— பக்கத்துல ஆளுக்கு ஒரு அங்க அடையாளம்கூடப் போட்டிருக்கான். உங்கப்பாவுக்கு நெத்தியில வெட்டுக் காயம். உங்கம்மாவுக்குக் கழுத்துல மச்சம். உங்க தம்பிக்கு ஒண்ணும் இல்ல, கோடு போட்டுட்டான். ஜெயலட்சுமி, வலது முழங்கையில தீக்காயத் தழும்பு...

— என்ன சார், நிறுத்திட்டீங்க? எழுத்து போயிடுச்சா?

— இல்ல. எழுத்து நல்லாத்தான் இருக்கு. கோவிந்தப்பா, மூணு காபி சொல்றீங்களா?

— இப்பதானே குடிச்சோம்?

— இன்னொண்ணு குடிப்போம். போன்ல சொன்னா ஆறிப்போய் வரும். நீங்களே போய் வாங்கிட்டு வாங்களேன்.

— ஓ. சரி சரி, அர்த்த ஆய்த்து. கடையைப் பாத்துக்குங்க. மெஷினை மட்டும் பாக்காதீங்க.

— மாப்பிள்ளை.

— அத்தே, பன்னெண்டு வருஷமா இந்தக் கையால சாப்பிட்டிருக்கேன், முழங்கையில ஒரு தழும்பும் பாத்ததில்ல. போன வாரம் வீடியோல பெரியம்மா கையாட்டினாங்க. முழங்கையில அவ்வளவு பெரிய தழும்பு. என்னன்னு கேட்டேன். சின்ன வயசுல கஞ்சிப் பானை கவுந்துதுன்னு சொன்னாங்க.

— ஆமா. எனக்குக் கஞ்சி எறக்கி வைக்கப் போயி.

— இருங்க, சொல்லாதீங்க. தழும்பு மறையறது உண்டு. ரப்பர் பாலுக்கு அந்தக் குணம் இருந்தாலும் இருக்கும். டைப் அடிச்சவன் தூக்கக் கலக்கத்துல இருந்திருப்பான். நான் ஒண்ணும் கேக்கல. எட்டு மாசம் நீங்க என்னைக் கேக்கல, ஒரு காலை வேளை நான் கேக்காம இருக்க மாட்டேனா? கார்டை மடிச்சு வச்சுக்கறேன். ஆட்டோ பிடிப்போம்.

— கேளுங்க மாப்பிள்ளை.

— வேணாம் அத்தே.

— பன்னெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல, வயசு என்னன்னு? அதையே கேளுங்க. இன்னைக்குச் சொல்லறேன்.

— உங்களுக்கு... வயசு என்ன அத்தே?

— அறுபது.

— கார்டுல அறுபத்தஞ்சு.

— அது அக்கா வயசு. கணக்கப்பிள்ளை விட்டது சின்னவ பேரை. எனக்கு அப்ப ஒம்பது. கார்டு கைக்கு வந்தப்பதான் பாத்தோம். திருத்தணும்னா கண்டியில இந்தியா ஆபீசுக்குப் போகணும், மறுபடி மொதல்லருந்து வரிசை. அதுக்குள்ள அப்பாவுக்குத் தோட்டத்துல பேரு வெட்டியாச்சு. எங்க லயத்து வீட்டுல வேற குடும்பம் சட்டி பானையோட வந்து உக்காந்தாச்சு. அட்டன் ஸ்டேசன்ல அம்மா என்னைப் புடிச்சுக்கிட்டு ரயில் ஏற மாட்டேங்குது. அக்கா ஏறி உக்காந்திருந்தவ எறங்கி வந்தா. என்னைத் தூக்கி அவ எடத்துல வச்சா. 'நான் சித்தி வீட்டுல இருக்கேன், கொழுந்து எடுக்கற கை எனக்கு, எங்கயும் பொழைச்சுக்குவேன். இவளுக்கு என்ன தெரியும்'னா. பதினாலு வயசு மாப்பிள்ளை, அவளுக்கு.

— தலைமன்னார்ல...

— ஆபீசர் கார்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. 'பதினாலா? புள்ளைக்குச் சோறு போடறதில்லையா'ன்னாரு. அப்பா வாயைத் தெறக்கல. என் சட்டைக் கை முழங்கை வரைக்கும் இருந்துச்சு. தூக்கிக் காட்டுன்னு சொல்லியிருந்தா நாலு பேரும் திரும்பியிருப்போம். அவருக்குத் தெரிஞ்சுதுன்னுதான் நெனைக்கறேன். கேக்கல. சீல் குத்தி, 'போம்மா, அங்க போயாவது நல்லாச் சாப்பிடு'ன்னாரு.

— அப்ப பெரியம்மாவால பின்னாடி வர முடியாமப் போனது...

— ஜெயலட்சுமின்னு ஒருத்தி கப்பல் ஏறியாச்சுன்னு ரிஜிஸ்டர்ல இருக்கே. அப்புறம் இவ யாரு? சட்டம் மாறி சீட்டு குடுத்தப்ப பேரு என்னன்னு கேட்டிருக்காங்க. என் பேரு அங்க சும்மாதானே கெடந்துச்சு. அதை எடுத்துக்கிட்டா.

— சௌம்யாவுக்குத் தெரியுமா?

— என் வீட்டுக்காரருக்கே தெரியாது. உங்களுக்குத்தான் மொதல்ல. நேத்து நீங்க கார்டை ஒட்டிக் கொண்டாந்து நின்னப்ப, உள்ளுக்குள்ள கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. இப்பத் தெறந்ததும் அப்படியேதான் இருக்கு. நீங்க நல்லா இருக்கணும்.

— இதுக்குமா! அத்தே, இப்ப எங்க போறது? வீட்டுக்கா, ஆபீசுக்கா? கார்டைக் காட்டிப் பேசாம இருந்தா பாஸ்போர்ட் வந்துடும். உள்ளதைச் சொன்னா வருமான்னு எனக்குத் தெரியல.

— ஆபீசுக்கே போவோம். கார்டைத் தெறந்து வச்சு உள்ளதைச் சொல்லிடறேன். அவ பேரை வச்சுக்கிட்டு அவ முன்னாடியே போய் நிக்க எனக்கு ஆகல மாப்பிள்ளை. லேட்டானா ஆகட்டும். வக்கீலு கிக்கீலுன்னாலும் பாத்துக்கலாம். நீங்க கூட நிப்பீங்கல்ல?

— நிக்கறேன். எத்தனை கவுண்ட்டர் இருந்தாலும். லேமினேஷன் பண்ணது நான்தான்னு முதல் ஆளா ஒப்புக்கறேன், அவங்களுக்கும் கொஞ்சம் சிரிப்பு வரட்டும். ஆனா ஒண்ணு. போன வாரம் வீடியோல பெரியம்மா 'மகா, மகா'ன்னு உங்களைக் கூப்பிட்டாங்க. பாவம், வயசாச்சு, தன் பேரையே தங்கச்சிக்கு வச்சுக் கூப்பிடறாங்கன்னு நானும் சௌம்யாவும் சிரிச்சோம்.

— கண்ணு மங்கினாலும் அவளுக்கு ஆள் தெரியும் மாப்பிள்ளை. மகா நான்தான்.